பழைய செவெல், டிரக் எஞ்சின், இரண்டுக்கும் நடுவில் உள்ள மற்ற எல்லாம்

1969 செவர்லே செவெல் மாலிபு காரில் டிரக் எஞ்சினா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆமாம், டிரக் எஞ்சின்தான். செவர்லே சில்வராடோ பிக்கப்பில் வந்த 5.3 லிட்டர் வி8, எல்எம்7 என்று பெயர், ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து எஞ்சின்களில் ஒன்று. 1999 முதல் 2007 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப், டாஹோ, சபர்பன் என்று கண்ட வண்டியில் எல்லாம் வைத்த எஞ்சின், அதனால் அமெரிக்காவில் பழைய வண்டி உடைக்கிற யார்டு எதில் போய்க் கேட்டாலும் ஒன்றாவது கிடக்கும். விலையும் கையைக் கடிக்காது. ஆனால் இந்த வேலையில் எஞ்சினை ஏற்றுவதுதான் பெரிய விஷயம் என்று நினைத்து இறங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பழைய எஞ்சினை இறக்கிப் புதியதைத் தொங்கவிட்டு உட்கார வைப்பதை இரண்டு பேர் சேர்ந்தால் முடித்துவிடலாம். அதற்கு அப்புறம் பெட்ரோல் வரும் வழி, மின்சாரம் வரும் வழி, சூடு போகும் வழி, பிரேக், கியர்பாக்ஸ் என்று முப்பது வருஷ இடைவெளியை ஒவ்வொரு இடத்திலும் நாம்தான் இணைக்க வேண்டும். நேரமும் பணமும் போவது அங்கே.

முதலில் வண்டி. என்னுடையது எஸ்எஸ் (செவெல்லின் வேகமான, விலை கூடிய வகை) இல்லை. முன்னால் யாரோ எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டியிருந்தார்கள், அது வேறு கதை. 1968 வரை செவெல் எஸ்எஸ் தனி வரிசை, வண்டி எண் 138 என்று தொடங்கினாலே தெரிந்துவிடும். 1969ல் அதைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷனாக மாற்றிவிட்டார்கள், அதனால் அந்த வருஷ எஸ்எஸ் 396க்கும் (396 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு) சாதாரண மாலிபு கூப்பேக்கும் எண் ஒரே மாதிரி 13637 என்றுதான் தொடங்கும். பெட்ரோல் டேங்கின் மேலே சொருகி வைத்த பில்ட் ஷீட் (தொழிற்சாலையில் அந்த வண்டிக்கு எழுதிய சாமான் பட்டியல்) கிடைத்தால் உண்மை தெரியும், இல்லையென்றால் விற்பவர் சொல்வதுதான் வேதம். நிறையப் பேர் இதில் ஏமாந்து கூடுதல் விலை கொடுத்திருக்கிறார்கள். என் வண்டியில் பிறக்கும்போதே இருந்தது 307 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். அதாவது யாரும் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்ற நினைக்காத வண்டி. எஞ்சின் மாற்றத்துக்கு இப்படிப்பட்ட வண்டிதான் சரி. நிஜமான எஸ்எஸ் 396ஐயோ 1970ன் எஸ்எஸ் 454ஐயோ வெட்டி ஒட்டுகிறவரிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

குதிரைத்திறன் கணக்குக்கு வருவோம். 307க்கு அன்றைய விளம்பரத்தில் 200 குதிரைத்திறன். கேட்க மோசமில்லை. ஆனால் 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் போட்டது கிராஸ் கணக்கு, அதாவது எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர் கிடையாது, வண்டியின் சைலன்சர் கிடையாது, ஆல்டர்னேட்டர் மாதிரிச் சுமை எதுவும் கிடையாது, அப்படி ஓட்டி அளந்த எண். 1972ல் எல்லோரும் நெட் கணக்குக்கு மாறினார்கள், வண்டியில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டி அளப்பது. கார்வெட்டில் வந்த எல்டி-1 எஞ்சினுக்கு 1971 பட்டியலில் 330 என்று இருந்தது 1972ல் 255 ஆனது இப்படித்தான். எல்எம்7க்குச் சொல்லும் 270 முதல் 295 வரை என்பது நெட். ஆகவே 200க்கும் 285க்கும் வித்தியாசம் 85தானே என்று கணக்குப் போடாதீர்கள், நிஜத்தில் இடைவெளி அதைவிட ரொம்பப் பெரியது.

அப்படியானால் 307ஐயே ஓவர்ஹால் பண்ணக்கூடாதா? பண்ணலாம். சிலிண்டர் போர் போட்டு, ஹெட்டில் கடினமான வால்வ் சீட் வைத்து (ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு அந்தக் காலத்து மெத்தென்ற சீட் தேயும்), நல்ல கார்புரேட்டர் மாட்டினால் ஓடும். ஆனால் அந்த எஞ்சினில் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் மேல் தட்டையான டேப்பெட் உரசுகிறது, துத்தநாகம் அதிகம் உள்ள எண்ணெய் தேடித் தேடி ஊற்ற வேண்டும். எல்எஸ் குடும்பத்தில் டேப்பெட்டின் (லிஃப்டர் என்றும் சொல்வார்கள்) அடியில் உருளை, அந்தக் கவலையே இல்லை. பனிக்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும், கடல் மட்டத்திலிருந்து டென்வர் நகரின் உயரத்துக்கு ஏறினாலும் கார்புரேட்டரில் போல ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) மாற்ற வேண்டாம், கம்ப்யூட்டரே காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். நான் இந்த வண்டியை ஓட்ட நினைக்கிறேன். கண்காட்சியில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

ஏன் எல்லோரும் எல்எஸ் எல்எஸ் என்று அதையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்றால், அதன் அகலம்தான் முக்கியக் காரணம். ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவில், அதனால் எஞ்சின் ஒல்லியாக இருக்கும். ஃபோர்டின் 5.0 கொயோட்டி (2011 மஸ்டாங்கில் 412 குதிரைத்திறனோடு வந்தது) அருமையான எஞ்சின், ஆனால் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு கேம், அகலமோ அகலம். அறுபதுகளின் மஸ்டாங்கில் அதை வைக்க வேண்டுமென்றால் முன்பக்க ஷாக் டவரை வெட்டி எறிந்து சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டும். அதனால்தான் ஃபோர்டுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினை வைக்கும் பாவிகளும் இருக்கிறார்கள். செவெல்லில் இந்தத் தொல்லை இல்லை. 1955ல் வந்த பழைய ஸ்மால் பிளாக்குக்கும் 1997 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ்1க்கும் சிலிண்டர் இடைவெளி அதே 4.4 அங்குலம், கியர்பாக்ஸ் மாட்டும் போல்ட் துளைகளும் ஒன்றைத் தவிரப் பொருந்தும். உள்ளே பெரும்பாலும் எல்லாம் வேறு, ஆனால் உட்காரும் இடம் பழகிய இடம்.

எஞ்சினுக்கு முன்னால் துரு. இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு பளபளக்கும் எஞ்சினை மறுபடி கழற்றி வைத்துவிட்டு வெல்டிங் செய்கிறார்கள். இந்த வருஷச் செவெல்லில் துரு எங்கே உட்காரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்: பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளம், முக்கியமாகக் கீழ் மூலைகள். மேலே வினைல் கூரை ஒட்டின வண்டியென்றால் அதற்கு அடியில் தண்ணீர் தங்கித் தங்கி, கண்ணாடி ஓரத்தை அரித்து, அங்கிருந்து டிக்கிக்குள் சொட்டி, டிக்கியின் தரையையும் பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஓரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். கையில் ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள், மெல்லிய துணியில் சுற்றி. ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். அப்புறம் இது தனி சேசிஸ் மேல் உடல் உட்காரும் வண்டி, நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அந்த புஷ் உட்காரும் இடங்கள் உளுத்துப்போயிருந்தால் கதவு இடைவெளி எப்படிச் சரிசெய்தாலும் நேராக நிற்காது. தரைத் தகடு, டிக்கி தரை, பின் ஓரங்கள் என்று இந்த மாடலுக்குப் புதிதாக அடித்த தகடுகள் எல்லாமே விலைக்குக் கிடைக்கின்றன. செவெல்லைத் தேர்ந்தெடுத்ததில் கிடைத்த பெரிய நிம்மதி இது, ஆள் குறைவாக வாங்கின மாடல் வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன ஓரத் தகட்டுக்கு ஊர் ஊராக அலைகிறார்கள்.

யார்டில் எஞ்சின் வாங்கும்போது எஞ்சினை மட்டும் வாங்காதீர்கள். வயரிங், கம்ப்யூட்டர், ஆல்டர்னேட்டர், முன்பக்க பெல்ட் சாமான்கள், ஆக்ஸிலரேட்டர் பெடல், எல்லாம் அதே வண்டியிலிருந்து ஒரே கொத்தாக வேண்டும். ஆரம்பகால டிரக்குகளில் பெரும்பாலும் த்ராட்டிலைக் கேபிள் இழுக்கும். 2003க்கு அப்புறம் பெரும்பாலும் மின்சார த்ராட்டில், அதில் பெடலும் த்ராட்டிலும் கம்ப்யூட்டரும் நடுவில் உள்ள சின்னப் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், இல்லையென்றால் நகராது. கிராங்க் ஷாஃப்டில் சென்சார் பார்க்கும் பல்சக்கரம் எல்எம்7ல் 24 பல் வகை. 2007ல் வந்த புது டிரக்குகளில் பெரும்பாலும் 58, அதற்கு வேறு கம்ப்யூட்டர். அந்தப் புதிய எஞ்சின்களில் பலவற்றில் சுமை குறைந்தால் நான்கு சிலிண்டரை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் உண்டு, அதற்கென்றே உள்ள லிஃப்டர்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். எல்எம்7ல் அது இல்லை. இரும்பு பிளாக், கனம்தான், அலுமினிய பிளாக்கைவிடக் கிட்டத்தட்ட 40 கிலோ கூட. ஆனால் அங்கே முன்னால் இருந்ததும் இரும்புதானே.

உட்கார வைக்க அடாப்டர் தகடுகள் கிடைக்கின்றன, போல்ட் போட்டால் முடிந்தது. மாட்டிக்கொள்வது கீழே. டிரக்கின் ஆயில் சம்ப் ஆழம் அதிகம், செவெல்லின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும், முதல் வேகத்தடையிலேயே போய்விடும். அதனால் நான்காம் தலைமுறை கமாரோவின் சம்ப் அல்லது இதற்கென்றே செய்த சம்ப் வாங்க வேண்டும், அதோடு எண்ணெய் உறிஞ்சும் குழாயும் மாறும். அந்தக் குழாய் பம்பில் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கிறது. புதியது போடுங்கள், சரியான தடிமன் பார்த்துப் போடுங்கள், எண்ணெய் தடவி நேராக உள்ளே தள்ளுங்கள். அது நசுங்கினால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், பிரஷர் விழும், பிளாக்கே போனது என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்குப் போவார்கள். டிரக்கின் ஏசி கம்ப்ரஸரும் கீழே சேசிஸில் இடிக்கும், சட்டத்தை வெட்டாமல் அதை மேலே ஏற்றுகிற பிராக்கெட் வாங்கிக்கொள்வதே நல்லது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டியரிங் பாக்ஸில் தொடுகிறதா என்பதைச் சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் போதும். எல்எம்7ன் இன்ஜெக்டர்களுக்கு 58 பிஎஸ்ஐ. பத்து மடங்கு. பழைய மெக்கானிக்கல் பம்ப் மாட்டும் இடமே இந்தப் பிளாக்கில் இல்லை, அதனால் டேங்க்குக்கு உள்ளே மின்சார பம்ப் வேண்டும். வெளியே சட்டத்தில் மாட்டும் பம்ப் மலிவு, ஆனால் சத்தம் போடும், சூடாகும், டேங்க் பாதி காலியானால் வளைவில் காற்றை இழுக்கும். உள்ளே தடுப்புச் சுவர் வைத்து, பம்ப் மாட்டும் துளையோடு வரும் செவெல் அளவு டேங்க் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. டேங்க் பக்கத்திலேயே 1999 கார்வெட்டுக்கு வரும் ஃபில்டரை மாட்டுங்கள், அதற்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது. மிச்சப் பெட்ரோல் அங்கிருந்தே டேங்க்குக்குத் திரும்பிவிடும், எஞ்சினுக்கு ஒரே ஒரு குழாய் போனால் போதும். ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சாதாரண 30ஆர்7 தர ஹோஸ் கார்புரேட்டர் அழுத்தத்துக்குத்தான். இன்ஜெக்ஷனுக்கு 30ஆர்9. டேங்க்குக்குள் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10, ஏனென்றால் மற்றதெல்லாம் வெளித்தோல் பெட்ரோலில் ஊறினால் கரையும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் 58 பிஎஸ்ஐயில் பீய்ச்சும் பெட்ரோலை மனதில் நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால் விலை பெரிதாகத் தெரியாது.

வயரிங் என்றால் பலருக்குக் கை நடுங்குகிறது. அவ்வளவு பயம் தேவையில்லை. டிரக் வயரிங்கில் நமக்கு வேண்டாதவை நிறைய, அவற்றை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் ஒரு 12 வோல்ட், சாவி போட்டால் வரும் ஒரு 12 வோல்ட், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, மின்விசிறி ரிலே, இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் திருட்டுத் தடுப்பை மென்பொருள் வைத்து அணைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கும். ஆனால் சாவியிலிருந்து வரும் அந்த ஒற்றை வயர்தான் ஆளைச் சுற்றலில் விடும். 1969 வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயர் சாதாரண வயர் இல்லை, மின்தடை வயர். டிஸ்ட்ரிப்யூட்டரில் திறந்து மூடும் பாயிண்ட் சீக்கிரம் கருகக்கூடாது என்று வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்து அனுப்புவது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கரண்ட் எடுத்தால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. அதே மாதிரி ஆக்ஸசரி முனையிலிருந்து எடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிற அந்த நேரத்தில் கரண்ட் போய்விடும், எஞ்சின் சுற்றும், பிடிக்காது, சாவியை விட்டதும் எல்லாம் நன்றாக இருப்பது போலவே காட்டும். மீட்டரை வைத்து, சாவி போட்ட நிலையிலும் ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் முழு வோல்டேஜ் இருக்கிற முனையைத் தேடுங்கள். எர்த்தும் முக்கியம்: ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்த உடல் இது, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டை, எஞ்சினிலிருந்து உடலுக்கு ஒரு பட்டை, பெயிண்ட் சுரண்டிய இடத்தில். பழைய ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர்கூடத் தராது, டிரக் ஆல்டர்னேட்டர் 100க்கு மேல் தரும், ஆகவே பேட்டரிக்குப் போகும் வயரும் தடிமனாக மாற வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஹோலி டெர்மினேட்டர் எக்ஸ் மாதிரி வயரிங்கோடு சேர்ந்து வரும் தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், சுலபம்தான். எனக்கு டிரக்கின் பெட்டியே போதும், கம்பெனிக்காரன் பனியிலும் பாலைவனத்திலும் ஓட்டிப் பார்த்துச் செய்த கணக்கு அதில் இருக்கிறது.

கூலிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஹெட்டின் முன்பக்கத்தில் சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய் ஒன்று இருக்கும், ஆவி போகும் வழி. ரேடியேட்டரின் மேல்பகுதிக்கு அதை இணைக்க வேண்டும். என்னடா இது என்று அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஹெட்டின் உச்சியில் காற்றுக்குமிழி தங்கி, மீட்டர் முள் நடுவிலேயே நிற்க, உள்ளே கொதிக்கும்.

கியர்பாக்ஸ்தான் இந்த வண்டியின் குணத்தையே மாற்றியது, எஞ்சினைவிட அதிகமாக என்றுகூடச் சொல்வேன். பவர்கிளைடின் முதல் கியர் 1.82, அடுத்தது நேர். எல்எம்7 கூடவே வரும் 4எல்60இ நான்கு கியர் ஆட்டோமேட்டிக், முதல் கியர் 3.06, நான்காவது 0.70 ஓவர்டிரைவ். பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.08 என்று வைத்தால் பழையதில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் 2,800 சுற்று போடும், இப்போது 2,000க்குக் கொஞ்சம் கீழே. சிக்னலில் கிளம்பும்போது இழுப்பு ஒன்றரை மடங்குக்கு மேல், நெடுஞ்சாலையில் பேசினால் காது கேட்கிறது. இதன் கியர் மாற்றத்தையும் டிரக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நீளம் கூட, அதனால் தாங்கும் குறுக்குச் சட்டம் பின்னால் நகர வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை எஞ்சினும் கியர்பாக்ஸும் கடைசி இடத்தில் உட்கார்ந்த பிறகு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது அளந்து வெட்டக் கொடுங்கள். முன் பின் கோணங்கள் சமமாக இல்லையென்றால் 60 மைலில் சீட் நடுங்கும். ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் இனிக் கிடையாது, சென்சார் சிக்னலை வைத்துக் கேபிளைச் சுற்றிவிடும் சின்ன மோட்டார் பெட்டி கிடைக்கிறது, பழைய மீட்டர் அப்படியே இருக்கட்டும் என்கிறவர்களுக்கு அது நல்லது.

பிரேக் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை, நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் வைத்துக்கொண்டு எல்எம்7ஐ ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். முன்னால் டிஸ்க், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். எஞ்சினுக்கு முன்பே இதை முடியுங்கள்.

சட்டம்: கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 முதல் வந்த வண்டியில் எஞ்சின் மாற்றினால் ரெஃபரி என்ற அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், எஞ்சின் வண்டியின் வருஷத்தை ஒட்டியோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும், அந்த எஞ்சினின் புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், உங்கள் மாநில விதியை முதலில் படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸை ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகையில் எடுங்கள். சாதாரண பாலிசியில் அது வெறும் ஐம்பது வருஷப் பழைய மாலிபு, செலவழித்ததெல்லாம் கணக்கில் வராது.

கேம் மாற்றவில்லையா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய கேம் போட்டால் ஐடிலில் வண்டி குலுங்கிக் குலுங்கிக் கர்ஜிக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேக்யூம் குறைந்து பிரேக் பூஸ்டர் பலவீனமாகும், டார்க் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும், வால்வ் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரில் மறுபடி உட்கார வேண்டும். சத்தத்துக்காக இவ்வளவா? என் கணக்கில் இல்லை. வேண்டுகிறவர்கள் போடட்டும்.

பழைய 307ஐ விற்கவில்லை. அதன் பிளாக்கில் இந்த வண்டியின் எண்ணின் ஒரு பகுதி பொறித்திருக்கிறது. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, ஸ்டாண்டில் மாட்டிப் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறேன். சேசிஸில் எங்கும் வெட்டவில்லை என்பதால், நாளைக்கு வாங்குகிறவர் எதையும் ஒட்டாமல் அதைத் திரும்ப உட்கார வைக்கலாம். ஒரிஜினல் ஒரிஜினல் என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான். பாதிப் பேர் சமாதானம் ஆகிறார்கள்.

இன்னும் பாக்கி பின் ஆக்சில். இருப்பது பழைய 8.2 அங்குல 10 போல்ட் (மூடியில் பத்து போல்ட் உள்ள வகை), இரண்டில் ஒரு டயருக்குத்தான் இழுப்பு போகிறது, ஈரச் சாலையில் லேசாக அழுத்தினாலே அந்த ஒற்றைச் சக்கரம் சுற்றிவிடுகிறது. உள்ளே இரண்டு சக்கரத்துக்கும் இழுப்பைப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் வைப்பதா, அல்லது எஸ்எஸ்களில் வந்த 12 போல்ட் ஆக்சிலையே தேடிப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 12 போல்ட் கேட்கிறவர்கள் அதிகம், அதனால் விலையும் அதிகம், அதற்காகக் காத்திருக்கும் வரை டயர் பாவம். யாரிடமாவது செவெல் அகலத்தில் 12 போல்ட், 3.31 அல்லது 3.55 விகித கிரவுன் கியரோடு இருந்தால் சொல்லுங்கள், பார்க்கலாம்.